ஆர்ஓசி ஃபைலிங்குக்கு ஆபீஸ் மாத்தினோம், ஒரு வருஷ அனுபவம்

கோயமுத்தூர் கணபதியில பம்ப் ஸ்பேர் பண்ற சின்ன பிரைவேட் லிமிடெட் எங்களுது, நானும் தம்பியும் டைரக்டர். ஆர்ஓசி, அதாவது கம்பெனி பதிவாளர் ஆபீசுக்கு வருஷா வருஷம் போட வேண்டிய ரிட்டர்ன் வேலைய முன்னாடி பாத்தவர் எப்ப கேட்டாலும் "பண்ணிக்கலாம்ங்க, டைம் இருக்கு"ம்பார். செப்டம்பர் 30-ல ஏஜிஎம் (வருஷாந்தர பொதுக்கூட்டம்) வெச்சா, கணக்கு அனுப்பற ஃபார்ம் ஏஓசி-4 அக்டோபர் 30-க்குள்ள, சின்ன கம்பெனிக்கான வருஷ ரிட்டர்ன் எம்ஜிடி-7ஏ நவம்பர் 29-க்குள்ள போயாகணும். எங்களுது ரெண்டும் போனது மார்ச் 19. ஒரு ஃபார்முக்கு நாளைக்கு 100 ரூபா லேட் ஃபீ, இவ்வளவுக்கு மேல போகாதுன்னு ஒரு வரம்பே இல்ல, 140 நாளும் 110 நாளும் சேந்து 25,000 ரூபா. அந்த பணம் கட்டின சலான இன்னும் எடுத்து வெச்சிருக்கேன், மனசு ஆறலைங்க.

அதுக்கப்புறம் தான் காந்திபுரத்துல இருக்கற ஒரு கம்பெனி செக்ரட்டரி (கம்பெனி சட்ட வேலை பாக்கறவர்) ஆபீசுக்கு மாறினோம். சின்ன ஆபீஸ், மொத்தமே நாலு பேரு. ஃபார்ம் போடறது யார் வேணா போடுவாங்க, கணக்கு முடியாம ஃபார்ம் எங்கிருந்து போறது, லேட் ஆகறதே அங்க தான்னு இவங்களுக்கு நல்லா தெரியுது. அதனால ஏப்ரல்லயே துரத்த ஆரம்பிச்சுடறாங்க. ஜூன்ல அங்க வேலை பாக்கற பொண்ணு நேரா யூனிட்டுக்கே வந்துருச்சு, லேத் ஓடற சத்தத்துல பெஞ்சுல உக்காந்து டேலி கணக்கு சாஃப்ட்வேர தொறந்து "அண்ணா, இந்த டைரக்டர் லோன் என்டிரிக்கு பேப்பர் எங்க"ன்னு ஒண்ணொண்ணா கேட்டு டிக் அடிச்சுட்டு தான் கெளம்புச்சு. ஜூலைல டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன (ஃபார்ம்ல ஆன்லைன்ல கையெழுத்து போடற பென்டிரைவ் மாதிரி சாதனம்) செக் பண்ணாங்க, தம்பியோடது செப்டம்பர்ல எக்ஸ்பயரி ஆகுது, இது கடைசி நேரத்துல தெரிஞ்சிருந்தா அதுக்கே பத்து நாள் போயிருக்கும். புதுசு எடுத்து, "டோக்கன் உங்க கையிலயே இருக்கட்டும்ங்க, யார்கிட்டயும் குடுத்து வெக்காதீங்க"ன்னாங்க. முன்னாடி ரெண்டு டோக்கனும் எங்க இருக்குன்னே எங்களுக்கு தெரியாது.

அக்டோபர் 14-ல ஏஓசி-4 போயாச்சு, தீபாவளி கழிஞ்சு எம்ஜிடி-7ஏ. சலான் ரெண்டும் அன்னன்னைக்கே வாட்ஸப்ல வந்துருச்சு.

குறைன்னா, பழைய இடத்த விட ஃபீஸ் ஜாஸ்தி, டோக்கனுக்கு தனி பில். அக்டோபர் கடைசி வாரம் போன் பண்ணா எடுக்க மாட்டாங்க, சாயங்காலம் அவங்களே கூப்பிடறாங்க. 25,000 தண்டம் கட்டினவனுக்கு இதெல்லாம் பெருசில்லைங்க.

சின்ன கம்பெனி தானே, யாரு கேக்கப் போறான்னு இருக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். தொடர்ந்து 3 வருஷம் ரிட்டர்ன் போடலைன்னா டைரக்டருக்கு 5 வருஷம் தகுதி போயிரும், வேற கம்பெனியிலயும் டைரக்டரா உக்கார முடியாது. 2017-ல 2 லட்சத்துக்கும் மேல கம்பெனிகள பதிவுலருந்தே தூக்கினாங்க, நெறைய பேருக்கு பேங்க் அக்கவுன்ட்டும் முடங்கிப் போச்சு. பில்லே போடாத கம்பெனியா இருந்தாலும் ரிட்டர்ன் போட்டே ஆகணும், லேட் ஃபீயும் அதே 100 தான்.

இந்த வருஷமும் இவங்ககிட்டயே குடுத்துட்டோம். ஏப்ரல் முதல் வாரமே மெசேஜ் வந்துருச்சு, பேங்க் ஸ்டேட்மென்ட் அனுப்பியாச்சு.