பெயர் அட்டையுடன் விற்கப்படும் ஐரிஸ் செடிகள்: நீலகிரித் தோட்டக்காரர்கள் கவனத்திற்கு

குன்னூர்ப் பக்கத்து நர்சரி ஒன்றில் ‘டஸ்கி சேலஞ்சர்’, ‘இம்மார்ட்டாலிட்டி’ என்ற பெயர்களில், வண்ணப்படம் அச்சிட்ட பிளாஸ்டிக் அட்டையுடன், பை ஒன்று 450 ரூபாய் விலையில் தாடி ஐரிஸ் (கீழிதழ்களில் தாடி போல மயிர் கொண்ட, கிழங்கிலிருந்து வளரும் பூச்செடி) செடிகளை வாங்கினேன். பைகளில் இருந்தவை அந்த வகைகள் அல்ல; தாய் தந்தை தெரியாத விதை நாற்றுகள். ஒரு பையில் இருந்தது ஐரிஸே அல்ல, மலைத் தோட்டங்களில் தானாகவே பெருகும் மாண்ட்பிரீஷியா.

ஐரிஸில் பெயர் பெற்ற வகை ஒவ்வொன்றும், ஏதோ ஒரு காலத்தில் பூத்த ஒரே ஒரு நாற்றின் கிழங்கைப் பிரித்துப் பிரித்துப் பெருக்கியதே ஆகும். 1986இல் அமெரிக்காவில் அறிமுகமான டஸ்கி சேலஞ்சர் இன்று எந்தத் தோட்டத்தில் பூத்தாலும் அதே அடர் ஊதாவில்தான் பூக்க வேண்டும். அதன் விதையிலிருந்து முளைக்கும் நாற்றுகளோ, கலப்பின வழி வந்தவை என்பதால், ஒன்றைப் போல மற்றொன்று இராது. இதை நான் எடுத்துச் சொன்னபோது விற்றவர் அசரவில்லை. “விதையே அந்தச் செடியிலே எடுத்ததுதான் மேடம், பேரு எப்படி மாறும்?” என்றார். பிறகு, மலை மண்ணுக்கு நிறம் மாறும் என்றும் சொன்னார். புளிப்பு மண்ணில் ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூப்பதை ஊட்டியில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த உண்மையை எடுத்து ஐரிஸின் தலையில் கட்டியது, ஒப்புக்கொள்ள வேண்டியதுதான், கெட்டிக்காரத்தனம்.

ஏமாற்று உடனே தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. டஸ்கி சேலஞ்சர் என்று விற்ற பையிலிருந்து முதலில் பூத்த விசிறி (ஐரிஸில் விசிறி போல விரியும் இலைக்கொத்தை அப்படிச் சொல்வோம்) ஊதாவாகவே பூத்தது. அதன் மகரந்தத்தை என் வெள்ளை ஐரிஸில் வைத்து விதை எடுத்து, முளைத்த நாற்றுகளுக்கு வழக்கம்போலத் தாயின் பெயர் முதலில், தந்தையின் பெயர் அடுத்து, ஆண்டு, வரிசை எண் என்று குறிப்பேட்டில் எழுதினேன். அடுத்த பருவத்தில் அதே பையிலிருந்து வந்த மற்றொரு விசிறி, பழுப்பு நரம்போடிய மஞ்சளில் பூத்தது. ஒரே கிழங்கிலிருந்து பிரித்தவை இரு நிறமாகப் பூக்க மாட்டா. எனவே அந்தப் பையே நாற்றுக் கலவை என்பது உறுதியாயிற்று; அந்த ஒரு பாத்தி முழுவதற்கும் தந்தைப் பெயரை அடித்துவிட்டுப் ‘பெயர் தெரியாத ஊதா’ என்று எழுத வேண்டியதாயிற்று. விதையிலிருந்து பூவுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் செடியில் இந்த இழப்பை 450 ரூபாயால் அளக்க முடியாது.

வாங்குமுன் பையைச் சற்றுக் கவிழ்த்து வேர்ப்பகுதியைப் பாருங்கள். பிரித்தெடுத்த செடியில் விரல் கனத்திற்குக் குறையாத கிழங்கும், அதில் வெட்டுத்தழும்பும் தெரியும். நாற்றுகளில் மெல்லிய வேர்கள் மட்டும் இருக்கும். விசிறிகளின் உயரமும் இலையடியின் நிறமும் ஒன்றுக்கொன்று வேறுபடும். மாண்ட்பிரீஷியாவின் இலையில் நீளவாட்டில் வரிகள் புடைத்திருக்கும். அடியில் கிழங்கு உருண்டையாக இருக்கும். பூத்த செடியின் படத்தைக் காட்டிப் பெயர் சொல்லிவிடுகிறேன் என்பவரையும் நம்ப வேண்டாம். பதிவான வகைகள் பல்லாயிரம், ஒரே மாதிரி ஊதாவே அவற்றுள் எத்தனையோ. பெயர் தெரியாததைப் பெயர் தெரியாதது என்றே விற்றால் நான் மகிழ்ச்சியோடு வாங்குவேன், விலை மட்டும் அதற்கேற்ப இருக்க வேண்டும். தென்மேற்குப் பருவமழையில் கிழங்கு அழுகிப் போனால் அதற்கு நர்சரியைக் குறை சொல்ல மாட்டேன்; அது வடிகாலைப் பொறுத்தது.

வாங்கியவற்றைத் தனிப் பாத்தியில் வையுங்கள். ஒவ்வொரு விசிறியும் பூத்து ஒத்துப்போகும் வரை கலப்புக்கு எடுக்க வேண்டாம். மார்க்கர் மை வெயிலிலும் மழையிலும் மங்கிவிடும். அலுமினியத் தகட்டில் பால்பாயிண்ட் முனையால் அழுத்தி எழுதினால் நிற்கும். காட்டெருமையோ காட்டுப்பன்றியோ புகுந்தால் தகடும் போய்விடும் என்பதால் பாத்தியின் வரைபடம் ஒன்று வீட்டிற்குள் இருக்கட்டும்.

எனக்குப் பணம் திரும்பக் கிடைக்கவில்லை. கையில் இருந்தது ‘செடி’ என்று மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும். பூவுக்குக் காத்திருப்பதிலேயே அந்தக் காலம் கழிந்துவிடக்கூடும். ஆகவே பில்லில் வகையின் பெயரையும், ‘கிழங்குப் பிரிவு’ என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள், அட்டையோடு சேர்த்துப் படம் எடுத்து வையுங்கள். எழுத மறுத்தால் பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடலாம். ஏற்கெனவே வாங்கி ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் பேசலாம்.