12 வருடம் இண்டி கேம் பண்டில் வாங்கியதில் நான் போட்ட கணக்கு

பண்டில் என்றால் பல கேம்களை ஒன்றாகக் கட்டி ஒரே விலைக்கு விற்பது; இண்டி என்றால் சின்னக் குழுக்கள் தாமாகவே உருவாக்கும் கேம்கள். எந்தப் பண்டில் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது "மொத்த மதிப்பு இத்தனை டாலர், இன்று வெறும் 12 டாலர்" என்கிற மாதிரி ஒரு வரிதான். அந்தப் பெரிய எண்ணை நான் இப்போது பார்ப்பதே இல்லை. 2012 ஜூனில் முதல் பண்டிலை வாங்கியதிலிருந்து 2024 முடியும் வரை வாங்கிய எல்லாவற்றையும் எக்செல்லில் எழுதி வைத்திருக்கிறேன், போன மாதம் உட்கார்ந்து அதை முழுதாகக் கூட்டிப் பார்த்தேன்.

இட்ச் என்கிற இண்டி கேம் தளத்தின் இரண்டு பெரிய பண்டில்களைத் தனியே வைத்துவிட்டால், 37 பண்டில்கள், சுமார் 21,400 ரூபாய், 410 கேம்கள். ஒரு கேம் 52 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறதா? ஆனால் அரை மணி நேரத்துக்கு மேல் விளையாடியவை 118 மட்டுமே, அப்படிப் பார்த்தால் ஒன்று 181 ரூபாய். கடைசிவரை முடித்தவை 46. அந்தக் கணக்கில் ஒரு கேம் 465 ரூபாய். ஸ்டீம் என்கிற ஆன்லைன் கேம் கடையின் சேலில் அதே மாதிரி கேம்களை ஒவ்வொன்றாக, வேண்டியதை மட்டும் எடுத்திருந்தால் பெரும்பாலும் 100 முதல் 300 ரூபாய்க்குள் முடிந்திருக்கும்.

அப்படியானால் பண்டில் நஷ்டமா என்றால், இல்லை. அந்த 46-இல் 19 கேம்கள் நானாக ஒருநாளும் தேடிப் போயிருக்க மாட்டாதவை. பெயரே கேள்விப்படாதவை, படத்தைப் பார்த்துத் தள்ளிவிட்டுப் போயிருக்கக்கூடியவை. எனக்கு மிகவும் பிடித்த கேம்களில் பாதி அந்த 19-க்குள்தான் இருக்கின்றன. பண்டிலில் நான் காசு கொடுத்து வாங்கியது அதைத்தான் என்று இப்போது நினைக்கிறேன், தள்ளுபடியை அல்ல.

என் முதல் பண்டில், ஹம்பிள் என்கிற தளத்தின் ஹம்பிள் இண்டி பண்டில் 5. சைக்கோநாட்ஸ், லிம்போ, அம்னீசியா, ஸ்வார்ட் அண்ட் ஸ்வார்சரி ஆகிய நான்கும் நாம் கொடுக்கிற எந்தத் தொகைக்கும் கிடைக்கும், அதுவரை வாங்கியவர்கள் கொடுத்த சராசரியை விடக் கூடக் கொடுத்தால் பாஸ்டியனும் சேர்ந்து வரும். சில நாளில் சூப்பர் மீட் பாய், பிரெய்ட், லோன் சர்வைவர் மூன்றையும் அதே விலைக்குள் சேர்த்தார்கள். நான் 9 டாலர் கொடுத்தேன், அன்றைக்கு ஏறக்குறைய 500 ரூபாய். என்னிடம் வெளிநாட்டுக்குப் பணம் கட்டுகிற கார்டு இல்லை, சித்தப்பாவின் கிரெடிட் கார்டைக் கெஞ்சி வாங்கினேன். எட்டு கேம், கூடவே பாட்டு ஆல்பங்கள், எதிலும் டிஆர்எம் பூட்டு (அனுமதியைச் சரிபார்த்து, நகலெடுப்பதைத் தடுக்கிற ஏற்பாடு) கிடையாது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அந்த ஒரு பண்டில் மட்டும் 50 லட்சம் டாலருக்கு மேல் வசூலித்தது. அதற்கு இணையான ஒன்றை அதற்கப்புறம் நான் வாங்கவில்லை.

விரும்பிய விலை கொடுக்கும் இந்த ஹம்பிள் முறையை 2010 மே மாதம் உல்ஃபயர் கேம்ஸ் என்ற சின்னக் குழு ஆரம்பித்தது. வேர்ல்ட் ஆஃப் கூ, அக்வேரியா, கிஷ், லுகாரு, பெனும்ப்ரா ஐந்தையும் ஒன்றாகப் போட்டு, விரும்பியதைக் கொடு, அதை டெவலப்பர்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் எப்படிப் பிரிப்பது என்பதையும் நீயே முடிவு செய் என்றார்கள். பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. விண்டோஸ்காரர்களை விட லினக்ஸ் பயன்படுத்துகிறவர்கள் சராசரியாக அதிகம் கொடுத்தார்கள் என்பது எனக்கு இன்றும் பிடித்த செய்தி. தங்களை யாரும் கண்டுகொள்ளாத இடத்தில் ஒருவர் கண்டுகொண்டால் மக்கள் காசு கொடுக்கத் தயங்குவதில்லை.

சரி, விலைக்கு வருகிறேன். நம் ஊரிலிருந்து வாங்குகிறவர்கள் இதைக் கொஞ்சம் கவனமாகப் படியுங்கள், வெளிநாட்டு விமர்சனங்கள் எதிலும் இது வராது. பண்டில் விலை டாலரில். ஸ்டீம் விலை 2015 இறுதியிலிருந்து ரூபாயில், அதுவும் பல கேம்களுக்கு டாலர் விலையை அப்படியே மாற்றினால் வருவதில் பாதிதான். ஸ்டார்டியூ வேலி அமெரிக்காவில் 14.99 டாலராக இருந்த பல வருடங்கள் இங்கே 480 ரூபாய்க்குக் கிடைத்தது. அதனால் பண்டில் பக்கத்தில் "15 டாலர் கேம்" என்று போட்டிருப்பது நமக்கு 15 டாலர் கேமே அல்ல, சேல் நாளில் அது 150 ரூபாய் கேமாக இருக்கலாம். இதோடு கார்டு வேறு இருக்கிறது: என் கார்டில் அந்நியச் செலாவணிக் கட்டணம் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. 12 டாலருக்கு இது பெரிய தொகை இல்லைதான், ஆனால் 2012-இல் 55 ரூபாயாக இருந்த டாலர் 2024-இல் 83, 84 என்று போய்விட்டதே, அதே 12 டாலர் 660 ரூபாயிலிருந்து ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. அமெரிக்காவில் இருக்கிறவருக்கு விலை மாறவே இல்லை.

ஆகவே நான் செய்வது இது. பண்டிலில் எனக்கு வேண்டிய கேம்களை மட்டும் எடுத்து, ஸ்டீம்டிபி தளத்தில் அவை இந்திய ரூபாயில் இதுவரை இறங்கிய மிகக் குறைந்த விலை என்ன என்று பார்த்துக் கூட்டுவேன். இஸ் தேர் எனி டீல் என்ற தளத்தில் அந்த கேம் இதற்கு முன் எந்தெந்தப் பண்டில்களில் வந்தது என்றும் தெரியும், ஏற்கெனவே மூன்று முறை வந்திருந்தால் நாலாவது முறையும் வரும் என்று விட்டுவிடுவேன். கூட்டுத்தொகை பண்டில் விலையை எட்டினால் வாங்கலாம், எட்டவில்லை என்றால் மீதிப் பத்து கேமுக்காக வாங்கவே மாட்டேன். இந்தக் கணக்கை நான் 2019-இல்தான் போட ஆரம்பித்தேன், அதற்கு முந்தைய ஏழு வருடத்தில் வாங்கியதில் பாதி இந்தக் கணக்கில் தேறியிருக்காது.

அடுத்து கீ. பல பண்டில்களில் நமக்குக் கிடைப்பது கேம் அல்ல, ஸ்டீமில் போட்டால் அந்த கேம் நம் கணக்கில் சேருகிற ஒரு கீ, அதாவது ஒரு குறியீடு, அதற்குக் கெடு தேதி உண்டு. ஒரு கடையில் வாங்கியதில் இரண்டு கீகளைப் பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தேன், போய்க் கேட்டபோது தேதி முடிந்துவிட்டது. இன்னொரு முறை, கெடுவுக்குள்ளேயே கேட்டும், கீ தீர்ந்துபோனது, வந்ததும் அனுப்புகிறோம் என்றார்கள், வரவே இல்லை. ஸ்டீமில் நேராக வாங்கினால் 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் ரீஃபண்ட் கிடைக்கும், வெளியே வாங்கிய கீக்கு ஸ்டீம் அதைத் தராது. வாங்கிய அன்றே எல்லாக் கீகளையும் போட்டுவிடுங்கள், விளையாடுவது அப்புறம் இருக்கட்டும்.

டிஆர்எம் இல்லாத கோப்பாகக் கிடைத்தால் அதற்கு நான் கூடுதலாகவே மதிப்பு வைப்பேன். 2012-இல் இறக்கிய பாஸ்டியன் இன்னும் என் வெளி ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, மூன்று லேப்டாப் மாறிவிட்டேன், எதிலும் யாரிடமும் அனுமதி கேட்காமல் ஓடியது.

இட்ச் பண்டில்கள் வேறு வகை. 2020 ஜூனில் இன நீதிக்காக வந்த பண்டிலில் குறைந்தபட்சம் 5 டாலர், முடியும்போது 1,741 படைப்புகள், 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாங்கி 81 லட்சம் டாலர் சேர்ந்தது. 2022 மார்ச்சில் உக்ரைனுக்காக 10 டாலருக்கு ஏறக்குறைய ஆயிரம். இரண்டிலும் செலஸ்ட், எ ஷார்ட் ஹைக் உண்டு. ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள், வாங்கியதும் எல்லாம் லைப்ரரிக்குள் வந்து உட்காராது, பண்டில் பக்கத்துக்குப் போய் ஒவ்வொன்றாக டவுன்லோட் பொத்தானை அழுத்த வேண்டும். முதலில் எரிச்சலாக இருந்தது, இப்போது அதுவே நல்லது என்று தோன்றுகிறது, தேர்ந்தெடுத்ததுதான் லைப்ரரியில் இருக்கிறது.

இந்தப் பண்டில்களில் டெவலப்பருக்கு ஒரு பைசா போகாது, அவர்கள் தங்கள் உழைப்பைத் தானமாகக் கொடுத்தார்கள். எ ஷார்ட் ஹைக்கை இரண்டு மணி நேரத்தில் முடித்துவிட்டு, மலை உச்சியில் அதன் நாயகியான பறவை பறந்து இறங்கியதைப் பார்த்த அன்று இரவே ஸ்டீமில் ஒரு பிரதி வாங்கி என் தோழிக்கு அனுப்பினேன். பண்டிலில் கிடைத்து மனதைத் தொட்ட எதற்கும் பிறகு ஒரு பிரதி வாங்குவது அதிலிருந்து பழக்கமாகிவிட்டது, இதுவரை ஏழு கேமுக்குச் செய்திருக்கிறேன், என் கணக்கில் அதுவும் பண்டிலின் விலைதான். ஹம்பிளில் பணத்தை யாருக்கு எவ்வளவு என்று நாமே ஸ்லைடரில் நகர்த்த முடிந்த காலத்தில் டெவலப்பர் பக்கம் முழுவதையும் தள்ளுவேன். 2017-இல் அந்த நிறுவனம் கைமாறியது, 2021-இல் ஸ்லைடரை எடுக்கப் பார்த்தார்கள், எதிர்ப்பு வந்ததும் திரும்பக் கொண்டுவந்தார்கள், ஆனால் கடையின் பங்குக்கு ஒரு குறைந்தபட்ச அளவு வந்துவிட்டது. கடை நடத்தச் செலவாகும், புரிகிறது. இருந்தாலும் அந்த ஸ்லைடரை முழுதாக நகர்த்தியபோது இருந்த சந்தோஷம் எனக்கு இப்போது கிடைப்பதில்லை.

மாதச் சந்தா பண்டில்களை எட்டு மாதம் வைத்திருந்து நிறுத்திவிட்டேன். வேண்டாத மாதத்தை நாமே ஞாபகமாகத் தவிர்க்க வேண்டும், வேலை மும்முரத்தில் அது நடக்காது.

இப்போது வருடத்துக்கு இரண்டு, மூன்று பண்டில்தான் வாங்குகிறேன். ஞாயிற்றுக்கிழமை அக்கா மகன் வரும்போது உக்ரைன் பண்டில் பக்கத்தைத் திறந்து அவனிடம் கொடுத்துவிடுவேன், அவன் படத்தைப் பார்த்து ஒன்றைத் தொடுவான், அதை இறக்கி இரண்டு பேரும் விளையாடுவோம். பத்தில் ஏழு பத்து நிமிடத்தில் மூடிவிடுகிறோம். போன வாரம் அவன் தொட்டது பாபா இஸ் யூ, ஒரே புதிரில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், அக்கா வந்து சாப்பிடக் கூப்பிட்டபோதும் விடை கிடைக்கவில்லை.