ஸ்டீல் என்று லேபிள், உள்ளே வேறு கம்பி: டர்பனில் வேப் காயில் சுற்றுகிறவர்கள் கவனத்துக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பக்கம் பட்டைக் கம்பி ரீல் வாங்கி வீட்டிலேயே வேப் காயில் (எலக்ட்ரானிக் சிகரெட்டில் லிக்விடில் ஊறிய பஞ்சைச் சூடாக்கி ஆவி எழுப்பும் கம்பிச்சுருள்) சுற்றுகிற நம் ஆட்கள், கையில் இருக்கும் ரீலைச் சோதிக்காமல் இனி ஒரு இழுப்புகூட இழுக்காதீர்கள். 'எஸ்.எஸ். 316எல்' (ஒரு வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று லேபிள் ஒட்டி உள்ளே வேறு கம்பியை வைத்து விற்ற ஒரு கடையால் என் மச்சான் தொண்டை புண்ணாகி, இருமி இருமித் தூக்கம் கெட்டுக் கிடந்தான். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரைப் போடவில்லை. அதே லேபிள் வேறு கடைகளிலும் தொங்கலாம் என்பதால் பெயரைவிடச் சோதிக்கும் முறைதான் உங்களுக்கு உதவும்.

மச்சான் சாட்ஸ்வொர்த்தில் பிறந்து வளர்ந்தவன். வருஷா வருஷம் புரட்டாசியில் கறியோடு சிகரெட்டையும் நிறுத்துவான், மாதம் முடிந்ததும் மறுபடி பற்றவைப்பான். போன புரட்டாசிக்குப் பிறகு பற்றவைக்கவில்லை, வேப்புக்கு மாறிவிட்டான். வேப் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை, நிகோடின் நிகோடின்தான். ஆனாலும் அவன் சிகரெட்டை விட்டது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பெரிய நிம்மதி. 2023 ஜூன் 1 முதல் லிக்விடுக்கு மில்லிக்கு 2.90 ரேண்ட் என்று வரி தொடங்கியதிலிருந்து இது செலவு பிடிக்கிற பழக்கமாகிவிட்டது. அதனால் ரெடிமேட் காயிலை விட்டுவிட்டுத் தானே சுற்றிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தான்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சூடு ஏற ஏற 316எல் கம்பியின் ரெசிஸ்டன்ஸ் (ஓமில் அளக்கும் மின்தடை) கூடும், ஒரு டிகிரி செல்சியஸுக்கு ஏறக்குறைய 0.09 சதவீதம். அறைச் சூட்டிலிருந்து 200 டிகிரி ஏறினால் 18 சதவீதம் கூடிவிடும். மோட், அதாவது வேப்பின் பேட்டரியும் கன்ட்ரோலும் உள்ள பெட்டி, அந்த ஏற்றத்தைக் கவனித்து, காயில் எவ்வளவு சூடாக இருக்கிறது என்று கணக்குப் போட்டு, நாம் வைத்த அளவைத் தொட்டதும் கரண்டைக் குறைக்கிறது. டெம்பரேச்சர் கன்ட்ரோல் என்பது இவ்வளவுதான். லிக்விட் வற்றிவிட்டாலும் பஞ்சு கருகாது, கருகல் புகை நெஞ்சுக்குள் போகாது. கம்பி பட்டையாக இருந்தால் பஞ்சைத் தொடும் பரப்பும் அதிகம், சூடும் சட்டென்று ஏறும். சிகரெட்டை விட்டவனுக்கு அந்த வேகம் பிடிக்கும்.

கடையில் 0.5 × 0.1 மில்லிமீட்டர் ரீல் ஒன்றை 150 ரேண்டுக்குக் கொடுத்து, முதல் காயிலைக் கடைக்காரரே சுற்றி, மோடை ஸ்டீலுக்கான டெம்பரேச்சர் கன்ட்ரோல் முறையில் வைத்து, 'இனி கருகவே கருகாது தம்பி' என்று அனுப்பியிருக்கிறார். அன்று இரவே கருகல். மறுபடி போனபோது பஞ்சு சரியில்லை என்று வேறு பஞ்சு விற்றார்கள். அதற்கடுத்த முறை டேங்க் (லிக்விடும் காயிலும் இருக்கும் பாகம்) தான் கோளாறு என்று 600 ரேண்டுக்குப் புது டேங்கைத் தலையில் கட்டினார்கள். கம்பியை மட்டும் யாரும் சந்தேகப்படவில்லை, அல்லது சந்தேகப்பட விரும்பவில்லை. எனக்கு ஆத்திரம் வந்ததே அங்கேதான். இருமலோடு வந்து நிற்கிற பையனிடம் இன்னொரு சாமானை விற்பது வியாபாரமா?

அவன் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொண்டுவந்தான். முதலில் பாத்திரக் கடையில் எவர்சில்வர் வாங்கும்போது செய்வதுபோல ஒரு காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனேன். கம்பி நுனி துள்ளி வந்து ஒட்டிக்கொண்டது. 316எல் இப்படி ஒட்டாது. தட்டிப் பட்டையாக்கிய கம்பியில் லேசான இழுப்பு இருக்கலாம், துள்ளாது. ஆனால் காந்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்லிவிட முடியாது. 430 ரக ஸ்டீலும் காந்தத்தில் நன்றாக ஒட்டும், அது ஏமாற்று இல்லை. நிக்கலும் குரோமியமும் கலந்த நிக்ரோம் கம்பி ஒட்டவே ஒட்டாது, ஆனால் அது ஸ்டீல் இல்லை.

அதனால் ஓம் மீட்டர்தான் முக்கியம். நான் பிராஸ்பெக்டனில் ஒரு பட்டறையில் வேலை பார்க்கிறேன். அங்கிருந்த மைக்ரோமீட்டரில் அளந்தேன், அகலமும் தடிமனும் லேபிளில் இருந்தபடியே சரி. அந்த அளவில் 316எல் என்றால் மீட்டருக்குச் சுமார் 15 ஓம், அதாவது 10 சென்டிமீட்டருக்கு 1.5. நிக்ரோம் 80 என்றால் 2.2 வாக்கில் வரும், கான்தல் ஏ1 என்றால் 2.9. எனக்குக் காட்டியது 2.8. காந்தத்திலும் ஒட்டுகிறது, ஓமும் இரண்டு மடங்கு என்றால் அது கான்தல் வகை, இரும்பும் குரோமியமும் அலுமினியமும் கலந்த கம்பி.

கான்தல் கெட்ட கம்பி இல்லை, சூட்டைக் கணக்கிடாமல் நாம் வைத்த வாட்டை அப்படியே கொடுக்கும் வாட்டேஜ் முறையில் அருமையாக வேலை செய்யும். ஆனால் சூடேறினாலும் அதன் ரெசிஸ்டன்ஸ் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும். ஸ்டீல் முறையில் இருக்கிற மோடுக்குக் காயில் இன்னும் குளிர்ந்தே இருப்பதாகத் தோன்றும், கரண்டைக் குறைக்காமல் அள்ளிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சில மோட்கள் இதைக் கண்டுபிடித்துத் தாமாகவே வாட்டேஜ் முறைக்கு மாறிவிடும், மச்சானுடையது மாறவில்லை. உலர்ந்த பஞ்சு 220 டிகிரி வாக்கில் கருகத் தொடங்கும். மிஞ்சிய கிளிசரின் அந்தச் சூட்டைத் தாண்டிப் போகும்போது அக்ரோலின், ஃபார்மால்டிஹைடு போன்றவை உண்டாகும். அவன் தொண்டைக்குள் போனது அதுதான்.

கடைசியாக உலர் பஞ்சுச் சோதனை. டேங்கின் மேல்பாகத்தைக் கழற்றி, லிக்விட் விடாமல் பஞ்சை மட்டும் நுழைத்து, மோடை 200 டிகிரியில் வைத்துப் பட்டனைச் சின்னச் சின்னதாக அழுத்திப் பார்க்க வேண்டும், வாயில் வைக்கக் கூடாது, பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். நல்ல 316எல் என்றால் பஞ்சு வெள்ளையாகவே இருக்கும், மிஞ்சினால் லேசாக நிறம் மாறும். மச்சானின் காயிலில் பஞ்சின் நடுவில் பழுப்பு ஏறியது, அப்புறம் கறுத்தது, ஓரத்திலிருந்து புகை கிளம்பியது. மோட் திரையில் வாட் ஒரு புள்ளி கூடக் குறையவில்லை. இதைப் பார்த்ததும் மச்சான் முகம் வெளுத்துவிட்டது.

ரீலையும் மீட்டரையும் எடுத்துக்கொண்டு இருவருமாகக் கடைக்குப் போனோம். 'பட்டைக் கம்பி என்றாலே ஓம் கூடத்தான் காட்டும் அண்ணா' என்றார் கடைக்காரர். அது தவறு. உருண்டையோ பட்டையோ, குறுக்குவெட்டுப் பரப்புதான் கணக்கு. 0.5 × 0.1 என்றால் 0.05 சதுர மில்லிமீட்டர், அது கால் மில்லிமீட்டர் உருண்டைக் கம்பிக்குச் சமம். இதைச் சொன்னதும், திறந்த ரீலைத் திரும்ப வாங்க மாட்டோம் என்று சுவரில் மாட்டியிருந்த அட்டையைக் காட்டினார்.

அந்த அட்டையைப் பார்த்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். தென்னாப்பிரிக்காவின் 2008 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 56-ஆம் பிரிவுப்படி, பொருள் குறையுள்ளதாக இருந்தால் கையில் வந்த 6 மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். சரிசெய்து தருவதா, மாற்றித் தருவதா, பணமா என்று சொல்வது வாங்கியவர் உரிமை. சுவரில் அட்டை மாட்டுவதால் அந்த உரிமை போய்விடாது. நான் இதைச் சொன்னபோது கடையில் வேறு ஆட்களும் நின்றிருந்தார்கள். 150 ரேண்டைக் கொடுத்துவிட்டார். பஞ்சுக்கும் டேங்குக்கும் தர முடியாது என்றார். நாங்கள் வெளியே வரும்போதும் அதே லேபிளோடு ரீல்கள் தொங்கிக்கொண்டிருந்தன. எனக்குப் பொறுக்க முடியாதது அதுதான்.

நீங்கள் இப்படி மாட்டினால் ரசீதையும் ரீலையும் லேபிளோடு வைத்துக்கொள்ளுங்கள், மீட்டரில் வந்த எண்ணைக் கம்பியோடு சேர்த்துப் படம் எடுங்கள், கடைக்கு எழுத்தில் கேளுங்கள். அவர்கள் மறுத்தால் நுகர்பொருள் சேவைகள் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், நுகர்வோருக்குக் கட்டணம் கிடையாது. இருமல் நிற்காவிட்டால் வேப்பை வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள், என்ன நடந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

நல்ல 316எல் கிடைத்தவர்களுக்கும் ஒன்று: அதைச் செக்கச் செவேலென்று பழுக்கவைத்து எரிக்காதீர்கள், குறைந்த வாட்டில் பட்டனை லேசாகத் தட்டித் தட்டிச் சூடாக்கினால் போதும். சுற்றுகள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி விடுங்கள். காயில் நன்றாக ஆறிய பிறகு மோடில் ரெசிஸ்டன்ஸை லாக் செய்யுங்கள், அதாவது தொடக்க எண்ணாகப் பதிந்துவையுங்கள். சூட்டில் லாக் செய்தால் மோட் தப்பான எண்ணிலிருந்து கணக்கைத் தொடங்கும், அசல் ஸ்டீலாக இருந்தும் பஞ்சு கருகும்.

டேங்க் பணத்துக்காகக் கடைக்கு எழுதினேன், பதில் இல்லை. புகாரைக் குறைதீர்ப்பாளருக்கு அனுப்பியாகிவிட்டது.