தருமபுரியில் அச்சான உலகக் கோப்பை அட்டவணை: முன்பக்கத்தைத் திருத்துங்கள், பின்பக்கத்தைப் படியுங்கள்

அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ மூன்றும் சேர்ந்து நடத்தும் 2026 உலகக் கோப்பை கால்பந்துக்காக தருமபுரியில் ஓர் ஆஃப்செட் அச்சகம் தமிழில் சுவர் அட்டவணை போட்டிருக்கிறது. 20×30 அங்குலம், இரண்டு பக்கமும் கலர், மேலே காலண்டர் மாதிரி தகரப் பட்டையும் கயிறும். விலை 120 ரூபாய். தருமபுரி, கிருஷ்ணகிரி பஸ் நிலையங்களை ஒட்டிய ஸ்டேஷனரி கடைகளில் கிடைக்கிறது. முன்பக்கம் 104 ஆட்டங்களின் அட்டவணை. பின்பக்கம் 1994 முதல் போட்டியை நடத்திய நாடுகளுக்கு என்ன மிஞ்சியது என்பதைச் சொல்லும் எட்டு கட்டங்கள். சலூன், டீக்கடை, மாங்காய் மண்டி, ஓசூர் கம்பெனி விடுதி என்று எங்கே மாட்டினாலும் பத்துப் பேர் நின்று பார்ப்பார்கள். அதனால்தான் அதில் உள்ள தப்புகளை இப்போதே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

முதல் தப்பு நேரத்தில். போட்டி நடக்கும் 16 ஊர்களும் நான்கு நேரக் கணக்கில் இருக்கின்றன. நியூயார்க், பாஸ்டன், பிலடெல்பியா, மயாமி, அட்லாண்டா, டொரொன்டோ ஆகியவற்றின் உள்ளூர் நேரத்தோடு ஒன்பதரை மணி கூட்டினால் நம் நேரம். டல்லாஸ், ஹூஸ்டன், கான்சாஸ் சிட்டிக்குப் பத்தரை மணி. லாஸ் ஏஞ்சலஸ், சான் பிரான்சிஸ்கோ, சியாட்டில், வான்கூவருக்குப் பன்னிரண்டரை மணி. மெக்ஸிகோ சிட்டி, குவாதலஹாரா, மான்டெர்ரே மூன்றுக்கும் பதினொன்றரை மணி கூட்ட வேண்டும். அச்சகத்தார் இந்த மூன்றையும் டல்லாஸ் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். வரைபடத்தில் இரண்டும் ஒரே மண்டலம் மாதிரி தெரிவதால் வரும் குழப்பம் இது. மெக்ஸிகோ 2022 அக்டோபரில் கோடை நேரத்தை எடுத்துவிட்டது. அமெரிக்கா இன்னும் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைக்கிறது. அதனால் ஜூன், ஜூலையில் இரண்டுக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விழும்.

விளைவு, மெக்ஸிகோவில் நடக்கும் 13 ஆட்டங்களும் அட்டவணையில் ஒரு மணி நேரம் முன்னதாக இருக்கின்றன. மெக்ஸிகோ–தென்னாப்பிரிக்கா தொடக்க ஆட்டம் ஜூன் 11 இரவு 11.30 என்று அச்சாகியிருக்கிறது. அது உண்மையில் ஜூன் 12, வெள்ளிக்கிழமை பிறக்கும் நள்ளிரவு 12.30. திருத்துவது சுலபம். மெக்ஸிகோ சிட்டி 5, குவாதலஹாரா 4, மான்டெர்ரே 4 என்று ஊர்ப் பெயரைப் பார்த்து 13 கட்டங்களில் ஒரு மணி நேரம் கூட்டி எழுதுங்கள்.

இரண்டாவது தப்பு இதைவிட மோசம். தேதிப் பத்தியில் அமெரிக்கத் தேதியும் நேரப் பத்தியில் இந்திய நேரமும் இருக்கின்றன. இறுதி ஆட்டம் 'ஜூலை 19, நள்ளிரவு 12.30' என்றால் நம் ஊரில் யாரும் சனிக்கிழமை ராத்திரி விழித்திருப்பார்கள். ஆட்டம் ஞாயிறு ராத்திரி, ஜூலை 20 பிறந்த பிறகு. அரையிறுதிகளும் அப்படியே: ஜூலை 15, 16 தேதிகளில் நள்ளிரவு 12.30. நள்ளிரவு 12 முதல் காலை 9.30 வரை நேரம் போட்ட எல்லா ஆட்டத்துக்கும் தேதியில் ஒன்று கூட்டுங்கள். இரவு 9.30 முதல் 11.30 வரை தொடங்குபவைக்கு அச்சான தேதியே சரி. மெக்ஸிகோ ஆட்டங்களின் நேரத்தை முதலில் திருத்திவிட்டு, பிறகு தேதிக்குப் போங்கள். இல்லாவிட்டால் தொடக்க ஆட்டமே தவறிப்போகும்.

திருத்தி முடித்தால் யார் எதைப் பார்க்க முடியும் என்பது தெளிவாகிவிடும். அர்ஜென்டினா–அல்ஜீரியா ஜூன் 17 காலை 6.30. ஓசூர் சிப்காட்டில் முதல் ஷிப்டுக்குப் பஸ் ஏறுபவர்கள் போனில்தான் பார்க்க வேண்டும். நைட் ஷிப்ட் முடித்து வருபவர்கள் பிற்பாதியையாவது பிடிக்கலாம். போர்ச்சுகலின் முதல் ஆட்டம் அதே நாள் இரவு 10.30, வசதியான நேரம். பிரேசில்–மொராக்கோ ஜூன் 14 அதிகாலை 3.30. அதற்காக யாரும் டீக்கடை திறந்து வைக்க மாட்டார்கள், வீட்டிலேயே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். வாங்கியவுடன் மஞ்சள் ஹைலைட்டரால் இரவு 9.30 முதல் 12.30 வரை தொடங்கும் ஆட்டங்களை மட்டும் அடித்து வைத்தால், தூக்கம் கெடாமல் பார்க்கக்கூடிய பட்டியல் தனியாகக் கிடைத்துவிடும்.

தோற்றால் வெளியேறும் நாக்-அவுட் பகுதியை அச்சகத்தார் சரியாகச் செய்திருக்கிறார்கள், அதைப் பாராட்டியே ஆக வேண்டும். 48 அணிகள், 12 குரூப். ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு அணிகள் என்று 24, மூன்றாம் இடம் பிடித்தவற்றில் சிறந்த 8, ஆக 32. இந்த எட்டு யார் என்பது 495 விதமாக அமையலாம். எந்த எட்டு வந்தால் யாரோடு யார் மோதுவது என்று போட்டியை நடத்தும் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா முன்கூட்டியே ஒரு பட்டியல் போட்டு வைத்திருக்கிறது. அதைச் சுவர்த்தாளில் அடக்க முடியாது. இவர்கள் செய்தது சரியான வழி: இ குரூப் முதலிடத்துக்கு எதிரே 'மூன்றாமிடம் – ஏ, பி, சி, டி, எஃப்-இல் ஒன்று' என்று போட்டுக் கோடு விட்டிருக்கிறார்கள். குரூப் ஆட்டங்கள் நம் நேரப்படி ஜூன் 28 ஞாயிறு காலையில் முடிகின்றன. அடுத்த சுற்றின் முதல் ஆட்டம் அன்றிரவு 12.30-க்கு. இடையில் கிடைக்கும் பகல்தான் கட்டங்களை நிரப்பும் நேரம். மூன்றாமிட அணிகளைப் புள்ளி, கோல் வித்தியாசம், அடித்த கோல் என்ற வரிசையில் ஒப்பிடுங்கள். அதற்குமுன் அவசரப்பட்டு மார்க்கரால் எழுதினால் அழிக்க முடியாது.

அச்சான சமயத்தில் முடிவாகாத ஆறு இடங்களையும் காலியாக விட்டிருக்கிறார்கள். ஐரோப்பிய பிளே-ஆஃபில் (கடைசித் தகுதி ஆட்டங்கள்) நான்கு, கண்டங்களுக்கு இடையிலான பிளே-ஆஃபில் இரண்டு. மார்ச் 31-உடன் தெரிந்துவிடும். யூகித்துப் பெயர் போடாமல் விட்டது நல்ல காரியம். மைதானப் பெயர்களில் மட்டும் ஒரு குழப்பம் இருக்கிறது. தாளில் மெட்லைஃப் என்று இருப்பது டிவியில் நியூயார்க் நியூஜெர்சி ஸ்டேடியம் என்று வரும். மைதானத்தின் விளம்பரதாரர் பெயரைப் போட்டி முடியும்வரை ஃபிஃபா அனுமதிக்காது.

காகிதத்துக்கு வருவோம். 170 ஜிஎஸ்எம் பளபளப்பு ஆர்ட் பேப்பர் பார்க்க அழகு, எழுதக் கஷ்டம். பால்பாயிண்ட் பேனா வழுக்கும், ஜெல் பேனா மை காயாமல் கையில் ஒட்டும். சிடியில் எழுதும் மெல்லிய முனை மார்க்கர்தான் நிற்கிறது, அதையும் அரை நிமிடம் காயவிட வேண்டும். லேமினேஷன் செய்தால் மேலே ஒயிட்போர்டு மார்க்கரால் எழுதி அழிக்கலாம், ஆனால் மின்விசிறிக் காற்றில் தாள் ஆடி உரசினால் எழுத்து போய்விடும். அடுத்த பதிப்பில் முன்பக்கத்தை மட்டுமாவது மேட் பேப்பரில் போட்டால் பாதித் தொல்லை தீரும்.

இனி பின்பக்கம். 120 ரூபாய்க்கு உண்மையான மதிப்பு இங்கேதான். உலகக் கோப்பை வந்தால் நாடு பணக்கார நாடாகிவிடும் என்ற பேச்சுக்கும், அத்தனையும் வீண் செலவு என்ற பேச்சுக்கும் நடுவில் நின்று நாடு நாடாகக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். தமிழில் ஒரு சுவர்த்தாளில் இப்படிப் பார்ப்பது அபூர்வம்.

1994 அமெரிக்கா கட்டம் நன்றாக வந்திருக்கிறது. போட்டியைப் பெறுவதற்காக ஒரு தொழில்முறை லீக் தொடங்குவதாக அந்த நாடு வாக்குக் கொடுத்தது. அந்த எம்எல்எஸ் லீக் 1996-இல் ஆடத் தொடங்கி, இன்று மெஸ்ஸி ஆடும் லீகாக நிற்கிறது. புது மைதானம் கட்டாமல் இருந்த மைதானங்களிலேயே நடத்தியும் மொத்தப் பார்வையாளர்கள் 35 லட்சத்தைத் தாண்டினார்கள். 2002-இல் கொரியாவும் ஜப்பானும் ஆளுக்குப் பத்து மைதானம் என்று இருபதில் நடத்தியதையும் சரியாகச் சொல்லியிருக்கிறார்கள். பிரான்ஸ், ஜெர்மனி கட்டங்கள் சுமார்.

பிரேசில் கட்டம் மனதைப் பிசையும். 2014-க்காக 12 மைதானங்கள். அமேசான் காட்டு நடுவே மனாஸில் கட்டியதில் உலகக் கோப்பை ஆட்டம் நடந்தது நான்கே நான்கு, அந்த ஊரில் முதல் டிவிஷன் கிளப் கிடையாது. தலைநகர் பிரசிலியாவின் மைதானம் எழுபதாயிரம் பேர் உட்காரக்கூடியது. அடுத்த ஆண்டே அதன் வளாகம் பஸ் நிறுத்துமிடமாக ஆனது. 2013-இல் பஸ் கட்டண உயர்வை எதிர்த்துத் தெருவுக்கு வந்த ஜனங்கள் மைதானச் செலவையும் சேர்த்துக் கேள்வி கேட்டார்கள். மைதானத்தைக் கட்டும் செலவோடு விஷயம் முடிவதில்லை. புல்லுக்குத் தண்ணீர், விளக்கு, காவல், கூரைப் பராமரிப்பு என்று ஆட்டம் இல்லாத நாளிலும் செலவு ஓடிக்கொண்டே இருக்கும். எந்த கிளப் அதை நிரப்பும் என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் கட்டினால் இப்படித்தான் ஆகும். தென்னாப்பிரிக்கா கட்டத்தில் இதே சிக்கலுக்குக் கேப்டவுன் மைதானத்தையும், நல்ல பக்கத்துக்கு 2010 ஜூனில் ஓடத் தொடங்கிய கவ்ட்ரெயின் ரயிலையும் காட்டியிருக்கிறார்கள்.

கத்தார் கட்டத்தில் இரண்டு இடங்கள் தப்பு. 22,000 கோடி டாலர் மைதானச் செலவு என்று இருக்கிறது. அந்தத் தொகை மெட்ரோ, சாலை, விமான நிலையம், லுசைல் நகரம் எல்லாம் சேர்ந்த மதிப்பீடு. எட்டு மைதானங்கள் அதில் சிறு பங்கு. அடுத்து, மைதானம் கட்டியதில் 6,500 பேர் இறந்தார்கள் என்ற வரி. 2021 பிப்ரவரியில் கார்டியன் நாளிதழ் வெளியிட்ட அந்த எண், இந்தியா, நேபாளம், பாகிஸ்தான், வங்கதேசம், இலங்கையிலிருந்து போய் சுமார் பத்தாண்டுகளில் கத்தாரில் இறந்த எல்லாத் தொழிலாளர்களையும் சேர்த்தது. எந்த வேலை, என்ன காரணம் என்று அது பிரிக்கவில்லை. போட்டி ஏற்பாட்டுக் குழுவின் பொதுச் செயலாளர் ஹசன் அல்-தவாடியே, போட்டி தொடர்பான வேலைகளில் இறந்தவர்கள் 400-க்கும் 500-க்கும் இடையில் என்று 2022 நவம்பரில் ஒரு பேட்டியில் சொன்னார். வளைகுடாவுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகள் படிக்கும் தாள் இது. இறந்தவர்களின் கணக்கு சரியாக இருப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. அதே கட்டத்தில், கம்பெனி மாற முதலாளியின் சம்மதக் கடிதம் தேவையில்லை என்று 2020-இல் வந்த மாற்றமும், 2021 மார்ச்சில் அமலான 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளமும் இடம் பெற வேண்டும்.

2026 பற்றிய அடிக்குறிப்பு ஒரே வரிதான். விரித்திருக்கலாம். இந்தப் போட்டிக்குப் புது மைதானம் கட்டும் செலவு ஏறக்குறைய இல்லை, அமெரிக்க மைதானங்களில் பல செயற்கைப் புல்லை எடுத்துவிட்டு இயற்கைப் புல் போட வேண்டும். டிக்கெட், ஒளிபரப்பு, விளம்பர வருமானம் ஃபிஃபாவுக்கு. காவல், போக்குவரத்துச் செலவின் பெரும்பகுதி நடத்தும் ஊர்களுக்கு. சண்டை எங்கே வரும் என்பதை இந்த இரண்டு வாக்கியங்களே சொல்லிவிடும்.

இன்னொரு குறை: 2017-இல் இந்தியாவே 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை நடத்தியதை விட்டுவிட்டார்கள். கொச்சி, கொல்கத்தா, குவாஹாத்தி, மட்காவ், நவி மும்பை, டெல்லி என்று ஆறு ஊர்கள், 13 லட்சத்துக்கும் மேல் பார்வையாளர்கள். கொல்கத்தா சால்ட் லேக்கில் செயற்கைப் புல்லை எடுத்து இயற்கைப் புல் போட்டதும் அந்தப் போட்டிக்காகத்தான். தமிழ்நாட்டில் ஓர் ஊர்கூட அதில் இல்லை. நம் வாசகருக்குப் பக்கத்தில் உள்ள உதாரணம் அதுதானே?

வாங்கும்போது சுருட்டி வைத்ததைக் கேளுங்கள். நான்காக மடித்ததில் மடிப்புக் கோடு சரியாக அரையிறுதிக் கட்டங்களின் மேல் விழுந்து மை உரிகிறது. ஆணியில் நேரடியாக அடிக்காமல் கயிற்றில் தொங்கவிடுங்கள், பின்பக்கத்தைத் திருப்பிப் படிக்க முடியும். இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்க்கத் தொடக்க ஆட்டத்தின் கட்டம் போதும்: ஜூன் 12, 12.30 என்று இருந்தால் திருத்திய பிரதி.