ஃபோட்டோ மேக்னட்: 2.5 சதுரமா, 3க்கு 4ஆ, 4க்கு 6ஆ?

போன தை மாதம் குலதெய்வக் கோயிலில் வைத்து மகளுக்கு மொட்டை போட்டுக் காது குத்தினோம். அன்றைக்கு எடுத்ததில் ஒரு படம் வீட்டில் எல்லோருக்கும் பிடித்துப்போனது. என் தம்பி மடியில் அவள், இடது ஓரத்தில் தங்கக் கம்பியைப் பிடித்திருக்கும் ஆசாரியின் கை, மேலே தம்பியின் தலைப்பாகை, கீழே அவள் உதைத்த உதையில் மங்கலாகிப்போன கொலுசுக் கால். அதையே ஃபிரிட்ஜ் மேக்னட்டாக அடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று முடிவானது. எந்த அளவில் அடிப்பது என்பதில்தான் ஒரு வாரம் போனது.

கடையில் மூன்று அளவு சொன்னார்கள்: 2.5க்கு 2.5 இன்ச் சதுரம், 3க்கு 4, 4க்கு 6. மொத்தமாகக் கொடுப்பதற்கு முன்னால் மூன்றிலும் ஒவ்வொன்று அடித்து வாங்கினேன். கடைசியில் எடுத்தது 3க்கு 4, நாற்பது எண்ணம். யார் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

விலையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஏ4 மேக்னட் ஷீட்டில் அடித்து வெட்டும் கடை என்றால், ஒரு ஷீட்டில் சதுரம் 12 வரும், 3க்கு 4 ஆறு வரும், 4க்கு 6 இரண்டுதான் வரும், மிச்சம் வீண். பரப்பளவில் 4க்கு 6 என்பது 3க்கு 4ஐப் போல இரண்டு மடங்குதான், ஆனால் ஷீட் கணக்கில் மூன்று மடங்கு ஆகிவிடும். பெரிய ஷீட்டில் அடிக்கும் கடையில் இந்த வித்தியாசம் குறையலாம், கேட்டுக்கொள்ளுங்கள்.

என்னை முடிவெடுக்க வைத்தது படத்தில் விழுந்த வெட்டு. முதலில் சதுர மேக்னட்டைத்தான் ஆசையாக எடுத்துப் பார்த்தோம், கைக்கு அடக்கமாக நன்றாகவே இருந்தது, ஆனால் அத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, மாமன் தலைப்பாகை எங்கே?" என்று கேட்டார்கள். தம்பியின் நெற்றிக்கு மேலே ஒன்றும் இல்லை. கடைக்குப் போய்க் கேட்டபோது, "மேலே விட்டால் கீழே கொலுசு போய்விடும் அக்கா, எது வேண்டும் சொல்லுங்கள்" என்றார் கடைக்காரர். அவர் சொன்னதும் சரிதான். போன் கேமராவில் பொதுவாக வருவது 3:4 வடிவம், அதாவது அகலம் மூன்று பங்கு என்றால் உயரம் நான்கு பங்கு. அதைச் சதுரமாக்கினால் உயரத்தில் கால்வாசி போய்விடும். 4க்கு 6இல் உயரம் முழுதாக இருந்தது, ஆனால் அது 2:3 வடிவம் என்பதால் அகலத்தில் ஒன்பதில் ஒரு பங்கு போனது, அந்த ஒரு பங்கில்தான் ஆசாரியின் கை இருந்தது. காதுகுத்துப் படத்தில் தங்கக் கம்பி பிடித்த கையே இல்லை என்றால் அது வெறும் அழுகிற குழந்தைப் படம்தானே. 3க்கு 4இல் தலைப்பாகை, கை, கொலுசு மூன்றும் அப்படியே இருந்தன.

அதனால் அளவைச் சொல்வதற்கு முன்னால் போனில் அந்தப் படத்தை எடிட்டில் திறந்து 1:1, 3:4, 2:3 என்று மாற்றி மாற்றி வெட்டிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலைதான். போனில் 16:9 வைத்து எடுத்த படம் என்றால் 3க்கு 4இலும் கால்வாசி போகும். ஸ்டூடியோக்காரர் பெரிய கேமராவில் எடுத்தது பெரும்பாலும் 3:2ஆக இருக்கும், அதற்கு 4க்கு 6 அச்சாகப் பொருந்தும், காசு கொஞ்சம் கூட ஆனாலும் அங்கே அதையே எடுக்கலாம். எந்த அளவானாலும் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் போனாலும் பரவாயில்லை என்கிற மாதிரிப் படத்தைக் கொடுங்கள், வெட்டும்போது கொஞ்சம் நகரத்தான் செய்யும்.

முகத்தின் அளவையும் பாருங்கள். ஏழு பேர் வரிசையாக நிற்கும் படத்தை 4 இன்ச் அகலத்தில் அடித்தால் ஓர் ஆளுக்கு 14 மில்லிமீட்டர்தான் கிடைக்கும், அதில் முகம் எவ்வளவு வரும் என்று நினைத்துப் பாருங்கள். 2.5 இன்ச் என்றால் ஆளுக்கு 9 மில்லிமீட்டர், யார் யாரென்று கிட்டப் போய்த்தான் பார்க்க வேண்டும். கூட்டமாக நிற்கிற படத்துக்குச் சதுரம் வேண்டவே வேண்டாம். குழந்தையின் முகம் மட்டும் என்றால் அது அழகாக இருக்கும், அதை மறுக்கவில்லை.

பிடிமானத்தில் எனக்கு எட்டு மாத அனுபவம்தான். எங்களுடையது வளைகிற ரப்பர் மேக்னட். 3க்கு 4 கேஸ் பில்லையும் பள்ளிக்கூட சர்குலரையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. 4க்கு 6இன் கீழ் மூலை இரண்டு மாதத்திலேயே லேசாகத் தூக்கிக்கொண்டது, ஷீட் மெல்லிசு என்பதாலும் இருக்கலாம், தடிமனான ஷீட்டில் அடித்துப் பார்த்ததில்லை. வட்ட பேட்ஜ் மேக்னட்டும் எம்டிஎஃப் பலகை ஒட்டியதும் வாங்கியதில்லை, அதனால் அவற்றைப் பற்றிச் சொல்ல மாட்டேன்.

ஃபிரிட்ஜ் கதவு கண்ணாடி என்றால் எந்த அளவும் நிற்காது. என் சின்ன மாமியார் வீட்டில் அப்படித்தான், பக்கவாட்டுத் தகட்டில் ஒட்டிப் பார்த்துவிட்டு, சுவரோரம் மறைகிறது என்று ஸ்டீல் பீரோவுக்கு மாற்றிவிட்டார்கள். சில ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கதவிலும் ஒட்டாது. கொடுக்கப்போகிற வீட்டில் என்ன ஃபிரிட்ஜ் என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

படத்தைக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டாக்குமெண்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் சுருங்கிப்போகும். 3க்கு 4ஐத் தெளிவாக அடிக்க 900க்கு 1200 பிக்சல் போதும், 4க்கு 6க்கு 1200க்கு 1800 வேண்டும். எங்கள் படத்தை அன்றைக்கு எடுத்தது என் கணவரின் பழைய போன், அதிலேயே தம்பியின் தலைப்பாகையில் ஒட்டியிருந்த சந்தனத் துளி வரைக்கும் 3க்கு 4இல் தெரிகிறது.