ஸ்பான்சர் டிக்கெட் என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்

கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், பாலக்கோடு, தருமபுரி பக்கம் இருக்கிறவர்கள் கொஞ்சம் நேரம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள். பள்ளி லீவு விட்டால் தீம் பார்க்குக்கு ஸ்பான்சர் டிக்கெட் விற்கிற அதே மேசையும் அதே பேனரும் ஏதாவது ஒரு கடை வாசலில் மறுபடி முளைக்கும். போன மே மாதம் அதில் மாட்டியது எங்கள் குடும்பம். பெரியவர்கள் ஐந்து பேர், பிள்ளைகள் நான்கு பேர். போன பணம் 38 ஆயிரத்துக்கு மேல்.

கிருஷ்ணகிரி பேருந்து நிலையம் பக்கம் ஒரு ஜவுளிக்கடை வாசலில் மேசை போட்டிருந்தார்கள். தண்ணீர் சறுக்கு, ராட்டினம், ரோலர் கோஸ்டர் எல்லாம் போட்ட பெரிய பேனர். “ஆயிரத்து நூறு ரூபாய் டிக்கெட் அக்கா. ஒரு கம்பெனி ஸ்பான்சர் பண்றாங்க, அதனால உங்களுக்கு 499 மட்டும்” என்றான் அந்தப் பையன். பஸ்ஸுக்குத் தலைக்கு 250. ஒன்பது பேருக்குக் கணக்குப் போட்டால் 6,741 ரூபாய். என் வீட்டுக்காரர் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். எங்களுக்கு இது சின்னத் தொகை இல்லை. ஆனால் பிள்ளைகளை இத்தனை வருடமாகக் கே.ஆர்.பி. அணைக்கும் ஒகேனக்கல்லுக்கும்தான் கூட்டிப்போகிறோம். மகன் மூன்று வருடமாகத் தீம் பார்க், தீம் பார்க் என்று கேட்டுக்கொண்டே இருந்தான். பெரிய ராட்டினங்களில் ஏறக் குறைந்தபட்ச உயரம் வேண்டும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள், அன்றிலிருந்து சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்துகொண்டிருந்தான். சரி, இந்த லீவுக்குப் போய்வரலாம் என்று பாலக்கோட்டில் இருக்கும் நாத்தனார் குடும்பத்தையும் சேர்த்துக்கொண்டோம்.

டிக்கெட் கொடுக்கும்போதே எங்கள் பெயர், போன் நம்பர், கல்யாணமான வருடம், வீட்டு வருமானம், கார்டு இருக்கிறதா என்று ஒரு ஃபாரத்தில் எழுதி வாங்கினார்கள். ராட்டினத்தில் ஏற எதற்கு வருமானக் கணக்கு? இந்தக் கேள்வி எனக்கு அன்று தோன்றவில்லை. உங்களுக்குத் தோன்ற வேண்டும் என்றுதான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

விடியற்காலை பஸ் ஏறி, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி தாண்டி, எல்லையிலிருந்து இன்னும் ஒரு மணி நேரம். பத்தேகாலுக்கு இறங்கினோம். பேனரில் இருந்த ரோலர் கோஸ்டர் அங்கே இல்லை. அது வேறு ஏதோ ஊர்ப் படம். பெயர் பெற்ற பெரிய பூங்காக்களில் ஒன்றும் இல்லை இது, நெடுஞ்சாலையை ஒட்டிய நடுத்தரமான இடம். வாசலில் ஒரு பெண் எங்கள் பைகளைத் திறந்து தண்ணீர் பாட்டில்களை எல்லாம் எடுத்து ஒரு பெரிய நீல டிரம்முக்குள் கவிழ்த்தாள். எங்கள் அத்தை விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து கிளறிய புளிசாதத் தூக்கையும் வெளியே வைக்கச் சொன்னாள். அத்தைக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட வேண்டும் என்று சொல்லிப் பார்த்தோம். “உள்ளே ஸ்பான்சர் கம்பெனி ஸ்டால் இருக்கு, வெளிப் பொருள் விடக்கூடாதுன்னு அக்ரிமெண்ட்” என்றாள். பார்த்தால் கல்லூரியில் படிக்கிற வயது. அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை. உள்ளே போனால் வெளியில் 20 ரூபாய்க்குக் கிடைக்கிற தண்ணீர் பாட்டில் 50 ரூபாய். பாட்டிலில் அச்சிட்ட விலையே 50. ஒரே பொருளுக்கு இடத்துக்கு ஒரு எம்.ஆர்.பி. அச்சிடக் கூடாது என்று 2018 ஜனவரி 1-லிருந்து விதி இருக்கிறது. இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் பாட்டிலையும் பில்லையும் பத்திரப்படுத்தியிருப்பேன்.

எல்லோர் கையிலும் ஆரஞ்சு நிறப் பட்டை கட்டினார்கள். கவுன்டரில் முழு விலை கொடுத்தவர்களுக்குப் பச்சைப் பட்டை. ஆரஞ்சுப் பட்டைக்காரர்கள் முதலில் ஹாலுக்குப் போய் “ஸ்பான்சர் நிகழ்ச்சி” பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் பட்டையில் சீல் வைப்பார்கள், சீல் இல்லாமல் எந்த ராட்டினத்திலும் ஏற்ற மாட்டார்கள். இதைப் பற்றி டிக்கெட்டில் ஒரு வார்த்தை இல்லை.

அந்த ஹாலைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏ.சி. குளிர், காதைப் பிளக்கும் பாட்டு. வட்ட மேசைகள், மேசைக்கு ஒரு கணவன் மனைவி, எதிரே ஒரு விற்பனை ஆள். பிள்ளைகளைத் தனியாக ஒரு மூலையில் பலூனும் கலர் பென்சிலும் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். விற்பது ஹாலிடே மெம்பர்ஷிப். பத்து வருடத்துக்கு வருடம் ஏழு நாள் இந்தியா முழுக்க ரிசார்ட்டில் தங்கலாமாம். முதலில் சொன்ன விலை 1,80,000. தலையாட்டாமல் உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் என்று ஒருவர் வந்தார், பிறகு அவருக்கு மேல் இன்னொருவர் வந்தார். ஒவ்வொருவர் வரும்போதும் விலை இறங்கியது. கடைசியில் 96,000. யாராவது ஒரு மேசையில் சரி என்று சொன்னால் மணி அடித்து ஹாலே கைதட்டும். எங்கள் மேசைக்காரர் கால்குலேட்டரை என் வீட்டுக்காரர் பக்கம் திருப்பிக் காட்டினார். “ஒரு நாளைக்கு 27 ரூபாய்கூட வரல சார். நீங்க டீக்குக் கொடுக்கிற காசு. புள்ளைங்க சந்தோஷத்துக்கு இதுகூடச் செய்ய மாட்டீங்களா?”

அதற்குள் மணி பன்னிரண்டரை தாண்டிவிட்டது. மகன் மூன்று முறை மூலையிலிருந்து ஓடிவந்து “எப்பம்மா போவோம்” என்று கேட்டுவிட்டான். அத்தைக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. அந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரர் கார்டைக் கொடுத்தார். முன்பணம் 30,000. பதினான்கு பக்க ஆங்கில ஒப்பந்தத்தில் பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து. கூடவே, தெரிந்தவர்கள் பத்துப் பேர் நம்பர் எழுதிக்கொடுத்தால் குக்கர் இலவசம் என்றார்கள். நான் எழுதிக்கொடுத்தேன். என் தெருப் பெண்கள், என் தங்கை, மகளின் டியூஷன் டீச்சர் என்று பத்து நம்பர். குக்கர் இன்றுவரை வரவில்லை. அந்தப் பத்துப் பேருக்கும் போன் மட்டும் வந்துகொண்டே இருக்கிறது. இந்தப் பதிவில் எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். அவர்கள் ஒவ்வொருவரிடமும் நேரில் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

ஹாலை விட்டு வெளியே வந்தபோது மணி 12.50. ஆரஞ்சுப் பட்டைக்கு ஐந்து ராட்டினம்தான் என்றார்கள். மீதிக்குத் தலைக்கு 350 கட்ட வேண்டும். பிள்ளைகள் நால்வருக்கும் 1,400 கட்டினோம். அன்றைக்கு ஏதோ கம்பெனியின் ஊழியர் விழா என்று பெரிய தண்ணீர் சறுக்கை மூன்று மணிவரை அவர்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மூன்றுக்குப் பிறகு வரிசை நகரவே இல்லை. நான்கரைக்கு பஸ் ஹாரன் அடித்துவிட்டது. மகன் உயரக் கம்பத்தின் அடியில் நின்று, தலைக்கு மேல் கையை வைத்து “பாரும்மா, இருக்கேன்” என்று காட்டினான். ஏறாமலே திரும்பி வந்தான்.

வீட்டுக்கு வந்து, ராத்திரி போனில் அகராதியை வைத்துக்கொண்டு அந்த ஒப்பந்தத்தைப் படித்தேன். எந்தக் காரணத்துக்கும் பணம் திரும்பக் கிடையாது. வருடம் 8,500 பராமரிப்புக் கட்டணம், தங்கினாலும் தங்காவிட்டாலும். ஏப்ரல், மே, தீபாவளி, பொங்கல், டிசம்பர் கடைசி வாரம் புக்கிங் கிடையாது. பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வேறு எப்போது ஊருக்குப் போக முடியும்?

மறுநாளே ரத்து செய்யச் சொல்லி போன் போட்டோம். மெம்பர்ஷிப் கம்பெனி, “டிக்கெட் நாங்க விற்கல, டிராவல்ஸைக் கேளுங்க” என்றது. மேசை போட்டு டிக்கெட் விற்ற டிராவல்ஸ்காரர், “நான் பார்க் டிக்கெட்தான் வித்தேன், கார்டு தேய்ச்சது நீங்க” என்றார். பூங்காவில், “அது ஸ்பான்சர் விஷயம் மேடம், நாங்க இடம் மட்டும்தான் கொடுக்கிறோம்” என்றார்கள். ஒரு மாதம் இந்த மூன்று பேருக்கும் நடுவில் அலைந்தோம். விற்கும்போது மூன்று பெயரும் ஒரே பேனரில் இருந்தன. பணத்தைக் கேட்டால் ஒருவரை ஒருவர் தெரியாது என்கிறார்கள்.

கம்பெனிகள் பூங்காவுக்குப் பணம் கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இந்த விவகாரத்துக்குப் பிறகு அதைப் பற்றிக் கொஞ்சம் படித்தேன். அமெரிக்காவில் டிஸ்னிலேண்ட் 1955 ஜூலையில் திறந்த நாளிலிருந்தே கோடாக் மாதிரி கம்பெனிகள் உள்ளே இருந்திருக்கின்றன. 1957-லிருந்து பத்து வருடம் மான்சாண்டோ கம்பெனி அங்கே பிளாஸ்டிக்கால் ஒரு ‘எதிர்கால வீடு’ கட்டி வைத்திருந்தது. 1982-ல் புளோரிடாவில் திறந்த எப்காட் பூங்காவில் முக்கியமான அரங்குகளுக்கே கம்பெனிப் பணம்தான். கார் சவாரி அரங்குக்கு ஜெனரல் மோட்டார்ஸ் ஸ்பான்சர். சவாரி முடிந்து இறங்கினால் கார் ஷோரூம் வழியாக வெளியே வருகிற மாதிரி அமைத்திருந்தார்கள். 1999-ல் மெக்சிகோவில் தொடங்கிய கிட்சானியா என்கிற பிள்ளைகள் பூங்காவில் விமானம், பேங்க், கடை எல்லாமே நிஜக் கம்பெனிப் பெயரில்தான் இருக்கும். பிள்ளைகள் மனசில் விளம்பரம் ஏறுகிறதே என்ற வருத்தம் எனக்கு அதிலும் உண்டு. ஸ்பான்சர் கையை விட்டால் அந்த விளையாட்டே போய்விடுகிற ஆபத்தும் இருக்கிறது. எப்காட்டிலேயே ஜெனரல் எலெக்ட்ரிக் 1993-ல் விலகிய ‘ஹொரைசன்ஸ்’ அரங்கு 1999-ல் ஒரேயடியாக மூடப்பட்டது.

ஆனால் அங்கே கம்பெனி பூங்காவுக்குக் காசு கொடுத்துத் தன் பெயரை மாட்டுகிறது. பிடித்தால் நின்று பார்க்கலாம், பிடிக்காவிட்டால் நடந்து போய்விடலாம். கார் ஷோரூமில் கார் வாங்கினால்தான் வெளியே விடுவேன் என்று யாரும் கதவைச் சாத்துவதில்லை. எங்களுக்கு நடந்தது வேறு. போச்சம்பள்ளி மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். என்ன விலைக்குப் போகிறோம் என்று மாட்டுக்குத் தெரியாது. ஒரு தம்பதியை ஹாலில் கொண்டுவந்து உட்கார வைக்க இவ்வளவு என்று எங்களை வைத்துப் பேசி முடித்திருக்கிறார்கள். அந்த வருமான ஃபாரம் அதற்குத்தான். ராட்டினம் எங்களுக்குக் காட்டிய புல்லுக்கட்டு.

இப்போது என்ன செய்திருக்கிறோம் என்று சொல்கிறேன், இதே நிலையில் இருப்பவர்களுக்கு உதவும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசினேன். தமிழிலேயே பேசலாம், புகார் எண் கொடுப்பார்கள். கம்பெனி 9,000 திருப்பித் தருவதாக இறங்கி வந்தது. அதற்கு மேல் பேச முடியாது என்று அங்கே கைவிரித்ததும் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, கிருஷ்ணகிரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டோம். ஒப்பந்தத்தில் வழக்கு எல்லாம் வேறு ஊரில்தான் என்று எழுதியிருந்ததைப் பார்த்துப் பயந்துபோய்த்தான் இரண்டு மாதம் சும்மா இருந்தேன். 2019-ஆம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமே கிடையாது. வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நமக்கு நாமே பேசலாம். பிரச்சினை நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும். தருகிற எண்ணமே இல்லாமல் பரிசு தருவதாகச் சொல்வதும், நம்பிக் கொடுத்த சொந்த விவரங்களை வேறு ஆளுக்குக் கொடுப்பதும் அந்தச் சட்டத்தில் முறையற்ற வணிகம் என்றே எழுதியிருக்கிறது. எங்கள் மனுவில் குக்கரையும் போன் நம்பர்களையும் தனித்தனியாகக் குறிப்பிட்டிருக்கிறேன். பூங்கா, டிராவல்ஸ், மெம்பர்ஷிப் கம்பெனி மூன்றையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்திருக்கிறோம்.

பேனரைப் போட்டோ எடுத்து வைக்கவில்லை. அது பெரிய குறை. நாத்தனார் வீட்டு அண்ணன் கையில் கட்டிய ஆரஞ்சுப் பட்டையைக் கழற்றாமல் வீடுவரை வந்தவர், அதை வண்டிச் சாவியோடு போட்டு வைத்திருந்தார். அதுவும் கார்டு ரசீதும்தான் இன்று எங்கள் கையில் இருக்கும் சாட்சி. நீங்கள் எங்கே போனாலும் டிக்கெட், பட்டை, பில், வாட்ஸ்அப் படம் எதையும் தூக்கிப் போடாதீர்கள். டிக்கெட் வாங்கும் முன் பூங்கா அலுவலகத்துக்கே போன் போட்டு, இந்த டிக்கெட்டில் எத்தனை ராட்டினம், ஏதாவது கூட்டத்தில் உட்கார வேண்டுமா என்று இரண்டே கேள்வி கேளுங்கள். கணவன் மனைவி இரண்டு பேரும் வந்தே ஆக வேண்டும் என்று யாராவது அழுத்திச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்த மாதம் விசாரணைக்கு வருகிறது. போன மே மாதம் கிருஷ்ணகிரியிலிருந்து ஆரஞ்சுப் பட்டை கட்டிப் போனவர்கள் எங்கள் பஸ்ஸிலேயே நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அந்த ஹாலில் கார்டு கொடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால் வெட்கப்படாமல் எனக்குத் தகவல் சொல்லுங்கள். உங்கள் ஒப்பந்தத்தின் நகல் ஒன்று கிடைத்தால்கூடப் போதும், எங்கள் மனுவோடு சேர்த்துக் கொடுப்பேன்.