மணிமேகலை 29ஆம் காதை: அன்றாட வாதங்களுக்கு எவ்வளவு உதவுகிறது?

மணிமேகலையின் 29ஆம் காதையை, வாதங்களைச் சோதிக்கும் கருவியாகப் பல வருடங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். அறவண அடிகள் என்ற பௌத்தத் துறவி மணிமேகலைக்குப் பௌத்த தர்க்கம் சொல்லித்தரும் பகுதி இது. கதை நின்றுவிடுகிறது என்று பலர் இதைத் தாண்டிப் போவதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

ஒரு வாதத்தின் உறுப்புகளை அது இப்படிப் பிரிக்கிறது. இம்மலையில் நெருப்பு உண்டு என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. புகை இருப்பதால் என்பது ஏது, அதாவது காரணம். அடுக்களை போல என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. உபநயம் (பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடித்துச் சொல்வது) என்ற மற்ற இரண்டும் திட்டாந்தத்திலேயே அடங்கிவிடும். இதன் பலமெல்லாம் ஏதுவுக்கு விதிக்கப்படும் மூன்று நிபந்தனைகளில் இருக்கிறது. பேசுகிற பொருளில் ஏது இருக்க வேண்டும். முடிவு பொருந்துகிற மற்ற இடங்களிலும் இருக்க வேண்டும். முடிவு பொருந்தாத இடத்தில் இருக்கவே கூடாது. மூன்றாவதைத்தான் யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

டெங்கு பரவும் மாதங்களில் எங்கள் வீட்டில் தவறாமல் வரும் பேச்சு இது. "நிலவேம்புக் கஷாயம் குடிச்சேன், ஒரே வாரத்துல காய்ச்சல் போயிடுச்சு. அதுதான் குணமாக்குச்சு" என்பார் சித்தப்பா. "குடிக்காதவங்களுக்கு எத்தனை நாள்ல போச்சு, சித்தப்பா?" என்று கேட்பேன். டெங்கு வந்தவர்களில் பெரும்பாலோர் ஓரிரு வாரங்களில் தேறிவிடுகிறார்கள். அப்படியானால் 'ஒரே வாரத்தில் காய்ச்சல் போனது' என்று அவர் சொல்லும் ஏது, கஷாயம் குடித்தவர், குடிக்காதவர் என இரு தரப்பிலும் நிற்கிறது. காதை இதை அநைகாந்திகம் என்கிறது. இதனாலேயே கஷாயம் பயனற்றது என்று ஆகிவிடாது. இந்த ஏதுவை வைத்து அதை நிறுவ முடியாது, அவ்வளவே. ஏது விழுந்தால் முடிவும் பொய் என்று பாய்ந்துவிடாமல் இருக்க இந்த முறை பழக்குகிறது. நான் இதை விடாமல் வைத்திருப்பதற்கு முதல் காரணம் அதுதான். சித்தப்பாவும் கோபித்துக்கொள்வதில்லை. தெருவில் யார் யார் குடிக்கவில்லை என்று அவரே யோசிக்க ஆரம்பிப்பார்.

தர்க்கப் பிழைகளின் பெயர்ப் பட்டியலை மனப்பாடம் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பெயர் சூட்டியதும் பேச்சு நின்றுவிடுகிறது, எந்த இடத்தில் வாதம் அறுந்தது என்பது தெரியாமலே போகிறது.

குறைகளும் உண்டு. காட்சி (நேரில் அறிவது), கருத்து (ஊகித்து அறிவது) என்று இரண்டே அளவைகளை, அதாவது அறியும் வழிகளை, இந்த மரபு ஏற்கிறது. நமக்கு வரும் செய்திகளில் முக்கால்வாசி பிறர் சொல்லிக் கேட்டவை. சொன்னவர் யார், அவருக்கு எப்படித் தெரியும் என்பதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். 'அநேகமாக' என்பதற்கும் இங்கே இடம் இல்லை. தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் 1958இல் முன்வைத்த வாத அமைப்பில் முடிவின் உறுதி எவ்வளவு, விதிவிலக்கு எது என்பதற்குத் தனி இடங்கள் இருக்கின்றன. மருத்துவம், பணம் பற்றிய பேச்சுகளில் அந்த இரண்டு கேள்விகளையும் சேர்த்தே கேட்கிறேன்.

மூலத்தை நேரடியாகப் படிப்பது கடினம், உரை அவசியம். ந.மு. வேங்கடசாமி நாட்டார், ஔவை துரைசாமிப் பிள்ளை உரைப் பதிப்பு எனக்குப் போதுமானதாக இருக்கிறது. காதை சொல்லும் போலிகள், அதாவது வாதப் பிழைகள், மொத்தம் 33. புதிதாகத் தொடங்குபவர்கள் அசித்தம் (ஏதுவே நிலைபெறாதது), அநைகாந்திகம் (இரு தரப்பிலும் நிற்பது), விருத்தம் (முடிவுக்கு எதிரானதை நிறுவுவது) என்ற ஏதுப்போலி வகைகள் மூன்றை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். மற்றவற்றைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.